ஐந்தாம் இலக்கச் சக்கரம்

மார்கழி பத்தொன்பது. இருப்பெடுக்க மூன்று பேர்
நிலாவெளி வீதி மழையோடு வந்து
வாசலில் குடை உதறுகிறார்கள்.
செருப்பைக் கழற்ற வேண்டாம் என்கிறேன்.
கழற்றினால் வெள்ளைக் காலோடுதான் வீடு போவீர்கள்.

சூளையிலிருந்து தொடங்குவோம்.
மூன்று கட்ட மின்சாரம், ஆயிரத்து இருநூற்றெண்பது பாகை.
கேள்விப்பத்திரம் எழுதியவருக்குக்
கதவின் அகலம் நினைவில் இல்லை.
நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே இறக்கினோம்,
திரும்பப் பூசிய சீமெந்து இன்றைக்கும் வேறு நிறம்.
கடற்காற்று சுருள் முனைகளைத் தின்கிறது,
ஆணிகளையும் விடுவதில்லை.
எழுதிக்கொள்ளுங்கள்: வேலை செய்யும்.
மின்சாரம் இருந்தால்.

ஈரத் தட்டு, நான்கு அடுக்கு.
இந்த வாடையில் ஒரு கோப்பை தோல்பதம் வரப்
பன்னிரண்டு நாள்.
ஆடியில் வந்து பாருங்கள்,
கச்சான் ஒரு பக்கமாய் நக்கிக்
காலையில் ஒட்டிய கைப்பிடி மத்தியானம் விழும்.
அதற்கும் ஒரு கருவி உண்டு, உங்கள் பட்டியலில் இல்லை:
நனைத்த பழைய சாரம், இரண்டு.

தும்புத்தடி?
இருக்கிறது, ஒளித்து வைத்திருக்கிறேன்.
ஞானமலர் அக்காவுக்குக் கூட்டாத தரை தரையே அல்ல.
இந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது என்று
மூன்று தரம் சொன்னேன்.
நாலாம் தரம் ஈரத்துணி கட்டிய தடியைக் கையில் கொடுத்தேன்.
இன்னும் என்னோடு கோபம்.

மூலையில் நீலப் பீப்பா, மிச்சக் களி.
மூடியைத் திறக்காதீர்கள்.
திறந்துவிட்டார் சின்னவர்.
ஓம் தம்பி, நாறும்.
நாறினால்தான் இழுத்த இழுப்புக்கு வரும்.

மேலே பூச்சு மா மூட்டைகள். அந்தக் கடைசி மூட்டையில்
அச்சடித்த ஊர்ப் பெயர் எனக்கு வாசிக்க வராது.
சிர்க்கன், வெண்மைக்கு.
புல்மோட்டைக் கரையில் கறுத்த மணலோடு அள்ளுப்பட்டு,
கப்பலேறி, எங்கேயோ அரைபட்டு,
வரி கட்டி வந்திருக்கும் என்று எனக்கொரு எண்ணம்.
நிரூபிக்க முடியாது.
பேருந்தில் போனால் பின்னேரத்துக்குள் திரும்பலாம்
அந்தக் கரைக்கு.

இனிச் சக்கரங்கள். ஆறு.
ஒன்று, இரண்டு, நாலு, ஆறு நல்லது.
மூன்றுக்கு மிதிகட்டை இறுகிவிட்டது.
ஐந்து, மறுபக்கம் சுற்றுகிறது.
உள்ளே எந்தக் கம்பியை எதில் மாட்டினார்களோ,
பெட்டி உடைத்த நாளிலிருந்து
மற்றதெல்லாம் இடஞ்சுழி, இது வலஞ்சுழி.

‘பழுது’ என்று எழுதப் பேனை குனிகிறது.
கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டாம் வருஷத்தில் ருஸ்தா என்று ஒரு பிள்ளை,
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள்.
ஏழு வாரம் அவள் களி நடுவுக்கு வரவில்லை.
தள்ளாடும், குழறும், சுவரில் போய்த் தெறிக்கும்.
(அந்தப் புள்ளிகள் அவளுடையவை, கழுவவில்லை.)
பொறுமை வேண்டும் என்றார் விரிவுரையாளர்.
அது அவளிடம் எங்கள் எல்லோரையும்விடக் கூட.
ஒருநாள் வருகைப் பதிவேட்டில் ஒப்பம் வைக்கிறாள்,
இடக்கை.
சக்கரத்தில் மட்டும் அடுத்த பிள்ளையைப் பார்த்துப் பார்த்து
வலக்கையைப் பலமாக வைத்திருக்கிறாள்!
ஐந்தில் போய் இரு, கையை மாற்று என்றேன்.
அன்று மூன்றரை மணிக்கு
களி சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை.
அவள் கையை எடுக்கவே இல்லை,
மின்சாரம் போகும்வரை.

கொழும்பிலிருந்து திருத்துகிறவர் தையில் வருவாராம்.
மூன்றைத் திருத்தட்டும்.
ஐந்துக்கு நேரே ‘நல்லது’ என்று எழுதுங்கள் ஐயா,
அடுத்த வருஷக் கேள்விப்பத்திரத்தில்
இப்படிப் பிழையாக இன்னொன்று கேட்க வழியிருந்தால்
அதையும் பாருங்கள்.

தம்பி,
அந்தப் பீப்பாவை மூடிவிடும்.